நாலாவது மஞ்சள் ரீசேட்

இன்று காலை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அடித்தட்டிலிருந்து உங்களுடைய மஞ்சள் ரீசேட் வெளியே வந்தது. பூச்சி உருண்டையின் மணத்துக்குள்ளே அந்தக் கொழும்பு மண்டபத்து ஏசிக் குளிரின் வாசமும் இன்னும் ஒட்டியிருப்பது போல எனக்குப் பட்டது. குளிருக்கு ஏது வாசம் என்று கேட்பீர்கள். அந்த மண்டபத்துக் குளிருக்கு இருந்தது. புதுத் துணியும் முகப்பவுடரும் சூடேறிய விளக்கும் கலந்த ஒரு வாசம். முதுகில் அச்சடித்த 'வீடா நட்சத்திரமா' என்ற எழுத்து வெடித்து உதிரத் தொடங்கிவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டேன். வேலை அப்படியே கிடக்கிறது. உங்களோடு கொஞ்சம் கதைத்துவிட்டுத்தான் எழும்புவேன்.

அந்த ரீவி நிகழ்ச்சி மேல் உங்களுக்கு எவ்வளவு பைத்தியம்! ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால் ஒரு பக்கம் ஒரு குடும்பம் நிற்கும். மறுபக்கம் நாடக நடிகர், பாடகி, வானொலி அறிவிப்பாளர் என்று பெயர்பெற்ற நாலு பேர். கேள்விக்கு ஆர் முந்திப் பட்டனை அமத்திச் சரியான பதில் சொல்கிறார்கள் என்பதுதான் விளையாட்டு. வலை கிழிந்து வெறுங்கையோடு கரைக்கு வந்தாலும் வாய் திறக்காத மனிதர் நீங்கள். பெட்டிக்குள் நிற்கிற ஆரோ ஒருவனைப் பார்த்து, கதிரையின் நுனிக்கு வந்து, "அமத்து, அமத்தடா!" என்று கத்துவீர்கள். பக்கத்தில் இருக்கிற நான் ஏதும் கேட்டால் மட்டும் பதில் வராது.

எங்கள் மகன் சின்னவன் விளையாட்டுக்குத்தான் தன் போனில் எங்கள் பெயர்களைப் போட்டு அனுப்பினான். உண்மையாகவே கூப்பிடுவார்கள் என்று ஆர் நினைத்தது? நாலு பேர் வர வேண்டும், நாலு பேரும் ஒரே வீட்டு ஆக்களாக இருக்க வேண்டும் என்றார்கள். நீங்கள், நான், சின்னவன். மூன்று விரலை மடித்துவிட்டு, அடுத்த விரலைப் பிடித்தபடி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எங்கள் மூத்தவள் ஜெனி அப்போதே உயிலங்குளத்தில் இருந்தாள். மன்னார்ப் பாலம் தாண்டி, பஸ்ஸில் கண் செருகி முழிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர். அங்கே வயல் செய்கிற பொடியனை அவள் பதிவுத் திருமணம் செய்த நாளிலிருந்து உங்களுக்கு அந்த ஊர் வெளிநாடாகிவிட்டது. அவர்கள் திருக்கேதீஸ்வரத்துச் சிவன் கோயிலுக்குப் போகிற ஆக்கள், நாங்கள் வேதக்காரர், மாதா கோயில் ஆக்கள். "வேதத்தை விட்டவளுக்கு இந்த வீட்டில என்ன அலுவல்?" என்றீர்கள். அதற்குப் பிறகு அவள் பெயரைச் சொல்லவே இல்லை. நான் உங்களுக்குத் தெரியாமல் அவளுக்குக் கருவாடு கட்டி அனுப்புவேன். உங்களுக்குத் தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் நல்ல கட்டாப் பாறைக் கருவாடாகப் பார்த்துக் கூடையின் மேலே எடுத்து வைத்தது ஆர் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

"என்ர தங்கச்சியின்ர மகளைக் கேட்டுப் பாப்பமோ?" என்றீர்கள்.

"அவள் எங்கட வீட்டு ஆளோ? எங்கட வீட்டில நாலாவது ஆள் ஆரெண்டு தெரியாமலோ கேக்கிறியள்?"

சாப்பிட்டுக் கை கழுவி, வலையை உதறிக் காயப்போட்டு, எல்லாம் முடித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். "ரீவிக்காரர் கேட்டபடியால் வரச் சொல்லும். நான் கூப்பிட்டனான் எண்டு சொல்லாதையும்."

சாக்கு ஆருடையதாக இருந்தால் எனக்கென்ன, சந்தோசத்தில் அன்று கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். ஆனால் உள்ளுக்குள் பயமும் இருந்தது. கொழும்புக்குப் போய்த் திரும்புவதற்குள் நீங்கள் இருவரும் ஒரு சொல்லாவது பேச வேண்டும். இல்லாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் பேச மாட்டீர்கள், உங்கள் பிடிவாதமும் அவளுடைய பிடிவாதமும் ஒரே அச்சு. பரிசு ஆருக்கு வேண்டும்? நான் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பஸ் ஏறினேன்.

உயிலங்குளம் சந்தியில் அவள் ஏறினாள். மருமகன் கீழே நின்று, ஒரு பை அரிசியை யன்னலுக்குள்ளால் எனக்குத் தந்துவிட்டு, உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நீங்கள் நித்திரை. கண்ணிமை துடிக்கத் துடிக்க ஒரு நித்திரை. நாடகத்தில் நடிக்கிறவர்களை நீங்கள் என்னமாய் நையாண்டி பண்ணுவீர்கள், அன்று உங்கள் நடிப்பை ஒரு குழந்தைகூட நம்பியிருக்காது. கொழும்பு வரைக்கும் அவள் முன் ஆசனத்தில் இருந்தாள், நீங்கள் அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

அந்த மண்டபம் இப்போதும் எனக்குக் கனவில் வருகிறது. யன்னல் இல்லை, வெயில் இல்லை, காலையா மாலையா என்று தெரியாத ஒரு வெளிச்சம். தரை குளம் போலப் பளபளத்தது. கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. நாலு மஞ்சள் ரீசேட்டைத் தந்து போடச் சொன்னார்கள், நாலாவது ஜெனிக்கு. என்னுடையதைச் சீலைக்கு மேலே போட்டுக்கொண்டு நான் ஒரு பூசணிக்காய் மாதிரி நின்றேன். ரீவி நாடகத்தில் மாமியாருக்கு நஞ்சு வைக்கப் பார்த்த அந்த வில்லன் நடிகர் ஓடி வந்து எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். "அம்மா, மன்னாரோ? கருவாடு கொண்டந்தனீங்களோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் என்ன பாவம் செய்தாலும் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை.

விளையாட்டு தொடங்கியதும் உங்களுடைய கத்தல் எங்கே போனதென்று தெரியவில்லை. விறைத்துப்போய் நின்றீர்கள். "வீட்டில் அடிக்கடி தொலைகிற பொருள் எது?" என்று கேட்டார்கள். சின்னவன் பட்டனை அமத்திவிட்டான். குடும்பத் தலைவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம், குடும்பத்தோடு கலந்து பேசலாமாம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வேண்டுமென்றே மேலே விளக்கைப் பார்த்தேன்.

"கண்ணாடி, அப்பா" என்றாள் ஜெனி மெதுவாக.

நீங்கள் அவள் பக்கம் திரும்பினீர்கள். "கண்ணாடியோ?"

"ஓம். நான் இல்லாமல் உங்கட கண்ணாடியை இப்ப ஆர் தேடித் தாறது?"

அது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது. சனம் சிரித்தது. நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு "கண்ணாடி" என்று பதில் சொன்னீர்கள். அவர்கள் வீடுவீடாகக் கேட்டு எடுத்து வைத்திருந்த பதிலும் அதுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கேட்டு வந்த சொல் கிடைத்துவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

ஆனால் கடைசிச் சுற்று இருந்தது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். மணி அடித்ததும் ஆர் முந்துகிறார்களோ அவர்களுக்கு வெற்றி என்றார்கள். எல்லோரும் பட்டனில் கை வைத்துக்கொண்டு நின்றோம். மணியும் அடித்தது.

அது ரீவிக்காரர் அடிக்கிற கிறீச் மணி இல்லை. எங்கிருந்து எடுத்தார்களோ, கோயில் மணி. ஆறுதலாக, விட்டு விட்டு, எங்கள் ஊரில் நண்பகலுக்கு அடிக்கிற அதே மாதிரி. "மணி கேட்டால் கடலும் நிக்க வேணும்" என்பீர்களே. காலை, மத்தியானம், பின்னேரம், மூவேளைச் செபத்துக்கு மணி கேட்டதும் இந்த வீட்டில் அகப்பை அந்தரத்தில் நிற்கும், வலை ஊசி நிற்கும், அழுகிற பிள்ளையும் நிற்கும். அந்த மண்டபத்தில் வெயில் இருந்திருந்தாலாவது பொழுது தெரிந்திருக்கும். மத்தியானம் ஆகிவிட்டதென்று எங்கள் கைகள் நினைத்துவிட்டன. நாலு பேரும் பட்டனிலிருந்து கையை எடுத்துச் சிலுவை போட்டுத் தலையைக் குனிந்தோம்.

வழக்கம்போல செபத்தின் முதல் பாதியை நீங்கள் வாய்க்குள் சொன்னீர்கள். மறுபாதியைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து அவள் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. நீங்கள் தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்ததை நான் பார்த்தேன். அடுத்த வரியின் முதல் பாதியை நீங்கள் வாய்க்குள் சொல்லவில்லை, அவளுக்குக் கேட்கச் சொன்னீர்கள்.

முடித்து நிமிர்ந்தால் மண்டபம் முழுக்கக் கைதட்டல். எங்கள் செபத்துக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நான் மரியாதையாகக் கும்பிட்டும்விட்டேன். பார்த்தால் நட்சத்திரங்கள் வென்று முடிந்து, அந்தப் பாடகிப் பிள்ளை துள்ளிக்கொண்டு நிற்கிறாள். சின்னவன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். "அப்பா, அது விளையாட்டு மணி!" நீங்கள் அவனைக் காணவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்களும் அவளும் ஒரே ஆசனம். என்ன பேசினீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, பேசினீர்கள் என்பது மட்டும் தெரிந்தது. உயிலங்குளம் சந்தியில் மருமகன் நின்றார். இந்த முறை நீங்கள் முழித்திருந்தீர்கள். "தம்பி, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வாங்கோ. எங்களை ரீவியில காட்டுவினம், பாப்பம்" என்றீர்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர்கள் வந்தார்கள். எங்கள் பகுதியைத்தான் போடவில்லை. பார்க்க ஆளில்லையோ என்னவோ, நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்களாம். முற்றம் நிறையச் சனத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நாங்கள் பழைய பாட்டுக் கேட்டோம். வெறும் வாயை மெல்லுகிற எங்கள் ஊருக்கு அவல் கிடைத்தால் விடுமா? கொழும்புக்குப் போனதே பொய், ரீசேட்டைக் கடையில் வாங்கியது என்று பல நாள் மென்றார்கள். நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன். நீங்கள் மருமகனுக்கு மீன் முள்ளு எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னீர்கள். "விடுமப்பா. பாக்க வேண்டியதை நான் நேர பாத்தனான்."

உயிலங்குளத்து வயலுக்கு எங்கள் மாதா கோயில் மணி கேட்காது. அதனால்தானே அந்த வழக்கத்தைத் தொடங்கினீர்கள். மத்தியான மணி அடித்ததும் அவளுடைய போனுக்கு ஒரு றிங் கொடுத்து வெட்டிவிடுவீர்கள். கடலில் நின்றாலும், சிக்னல் கிடைத்தால் கொடுப்பீர்கள். அவள் எடுக்க மாட்டாள், நீங்கள் பேச மாட்டீர்கள், அங்கே அவள் மண்வெட்டியை வைத்துவிட்டு நிற்பாள் என்று உங்களுக்குத் தெரியும். மருமகனும் சேர்ந்து பேசாமல் நிற்பாராம். அதைக் கேட்ட அன்று நீங்கள் முகம் கழுவுகிற சாட்டில் கிணற்றடியிலேயே நின்றதை நான் மறக்கவில்லை.

உங்களை அடக்கம் செய்த மறுநாள் மணி அடித்தபோது வீடு நிறைய ஆக்கள் இருந்தும் எனக்கு ஒருவரும் இல்லாதது போல இருந்தது. ஆர் இனி அவளுக்கு றிங் கொடுப்பது என்று நினைத்து முடிப்பதற்குள், அலுமாரிக்குள் உங்கள் போன் ஒருமுறை அடித்து நின்றது. அவள்தான்.

அன்றிலிருந்து அந்தப் போனுக்கு நாள் தவறாமல் சார்ஜ் ஏற்றி வைக்கிறேன். வேறு ஒருவரும் அதில் எடுப்பதில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து மறுபாதி சொல்லியே பழகியவள் நான், முதல் பாதி முதலில் வாயில் வரவே இல்லை. இப்போது வருகிறது. உங்கள் பாதியை நான் சொல்கிறேன், சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுக்கிறேன், அந்த நேரத்தில் அங்கே வரம்பில் நின்று அவள் தன் பாதியைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மத்தியான மணி அடிக்கிறது. ரீசேட்டை மடித்து வைத்துவிட்டேன். போன் ஒருமுறை அடித்து நின்றது. எழும்புகிறேன்.