முன்னால் வந்த ப்ராபப்லி

ஐப்பசி 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை.

முதலில் இதை எழுதிவிடுகிறேன். நேற்று சேலம் ஆஸ்பத்திரியில் என் மகன் செந்திலும் டாக்டரும் என் மனைவி பாவாயியையும் என்னையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டே, எங்களுக்குப் புரியாது என்று, அவள் உயிரைப் பற்றி இங்கிலீஷில் பேசி முடிவெடுத்தார்கள். இது அநியாயம். பெற்ற மகன் செய்தாலும் அநியாயம்தான்.

எனக்குப் புரியும். ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி மேனேஜராக மத்தியப் பிரதேசத்தில் சுற்றிய காலத்தில், போர் ஓடும் சத்தத்துக்கு நடுவே பழைய பேப்பரையும் அட்டை கிழிந்த ஒரு இலக்கணப் புத்தகத்தையும் வைத்து நானே படித்தேன். பேச ஆள் இல்லை. அதனால் பேசி யாரும் கேட்டதில்லை. செந்தில் கணக்கில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் டீசல், பில், பெயிலியர்.

டாக்டர் சொன்னது, மறப்பதற்குள்:

‘ஷி மே வெல் நீட் அனதர் சர்ஜரி.’ மே என்றால் இருக்கலாம். பக்கத்தில் வெல் வந்தால் அநேகமாக அப்படித்தான்.

‘இட் குட் பாசிப்லி கிவ் ஹெர் சம் டைம்.’ அறுத்தால் கொஞ்ச நாள் கிடைக்கலாம். குட் ஏற்கெனவே இளைத்த சொல். பாசிப்லி அதை இன்னும் இளைக்க வைக்கிறது.

‘ஐ கேன் ஹார்ட்லி ப்ராமிஸ்.’ வாக்குக் கொடுக்க வழியில்லை என்பதை மரியாதையாகச் சொல்வது.

கடைசியாக ஒன்று. அறுக்காவிட்டால், ‘ஷி ப்ராபப்லி வோண்ட் சீ பொங்கல்.’ அநேகமாகப் பொங்கலைப் பார்க்க மாட்டாள். நடக்கும் என்று சொல்லும்போது ப்ராபப்லி ‘வில்’ என்ற சொல்லுக்குப் பின்னால் உட்காரும். நடக்காது என்றால் எழுந்து ‘வோண்ட்’டுக்கு முன்னால் வந்துவிடும். நேற்று அது முன்னால் வந்தது. மீதி வார்த்தை வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

செந்தில் சொன்னது: ‘தே மஸ்ட் நெவர் நோ.’ எங்களுக்குத் தெரியவே கூடாதாம். மஸ்டும் நெவரும் சேர்ந்தால் கதவைச் சாத்தித் தாழ் போடுவது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். “ஒண்ணுமில்லீங்கம்மா. உள்ள இன்னொருக்கா சுத்தம் பண்ணோணுமாம். அவ்வளவுதானுங்க.”

ஐப்பசி 10, திங்கள்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் செந்தில் பிடித்த வாடகை வீடு. மலைக்குப் போகும் வண்டிகள் கியர் மாற்றும் சத்தம் நாள் முழுக்க. ஆபரேஷனுக்கு முன்னால் அவள் உடம்பு தேறட்டும் என்று இங்கே வைத்திருக்கிறான். எங்கள் தோட்டம் சேந்தமங்கலம் பக்கம். மோட்டார் போட ஆள் இல்லை.

பாவாயி கஞ்சி பாதி. இட்லி தொடவில்லை.

செந்தில் மாடியில் போனில், தாழ்ந்த குரல். யாருக்கோ விவரம் சொல்கிறான். நான் படியில் நின்றது தெரிந்ததும் இங்கிலீஷுக்கு மாறினான். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

பகலில் அவள் கேட்டாள். “ஏனுங்க, அன்னைக்கு டாக்டரும் பையனும் என்னங்க அத்தன நேரம் பேசுனாங்க?”

“எனக்கென்ன தெரியும்.”

சொல்லிவிட்டு வெளியே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செந்தில் என் வாயையும் சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறான்.

ஐப்பசி 12, புதன்

மழை விட்டது. வெயில் இல்லை.

மச்சான் வந்தார். பாவாயியின் ஒரே அண்ணன், ஊர் கெங்கவல்லி. மகள் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து அழைக்காமல் ஆள் வசம் பத்திரிகை கொடுத்தனுப்பியவர். அன்றிலிருந்து போக்குவரத்து கிடையாது. எத்தனையோ தீபாவளி போனது, தங்கைக்குச் சேலை வரவில்லை. இன்று துணிக்கடைப் பையோடு வாசலில். கண் சிவந்திருந்தது.

“தீபாவளி வருதில்ல மாப்ள. அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு.”

“தீவாளி வருசா வருசம் வருதுங்களே மச்சான்” என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

மஞ்சள் சேலை. பாவாயி மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். “நல்லாருக்குங்கண்ணா.” அவர் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. தெருமுனையில் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அவர் போனதும் அவள் சொன்னது அப்படியே:

“நோம்பிக்கெல்லாம் வராத சீலை இப்ப எதுக்குங்க வருது?”

மச்சான் மிச்சம் வைத்த காப்பித் தம்ளரை எடுத்தேன்.

“எங்கண்ணன் ரோசக்காரரு. நான் பொழைச்சுக் கெடக்கறதா இருந்தா படி ஏற மாட்டாரு. பையன் போன் பண்ணிச் சொல்லீருக்கான்.” சேலையை மடித்துக்கொண்டே, “மஞ்சக் கலரு எனக்கு ஆகாதுன்னு இத்தன வயசுக்கும் அந்தாளுக்குத் தெரியலீங்க பாருங்க.” சிரித்தாள். சிரித்ததில் வலி பிடித்துக்கொண்டது.

பிறகு: “இப்பச் சொல்லுங்க. உங்களுக்கு அந்தப் பாசை தெரியும். பேப்பர் பாக்கறப்ப ஒதடு அசையறது நான் பாக்காததா?”

சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமாக, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு வந்தது என்பது வரை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“இருக்கலாம், கெடைக்கலாம். இப்புடியேதான் பேசுவாங்களா? ஆமாவா இல்லையாங்க?”

“டாக்டருக்கே தெரியாது, புள்ள. தெரியாததை எத்தனை தூரத்துக்குத் தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் அத்தனை சொல்லு.”

“அறுத்தாலும் படுத்தேதானுங்களே கெடக்கோணும்?”

“ஆமா.”

“அப்ப வேண்டாமுங்க. தோட்டத்துக்குப் போலாம்.”

அவள் வாக்கியத்துக்கு நடுவில் எந்தச் சிறு சொல்லும் இல்லை.

மச்சானை இனித் திட்ட மாட்டேன். செந்தில் எங்களிடம் மறைத்ததை அவர் மூஞ்சி மறைக்கவில்லை.

ஐப்பசி 13, வியாழன்

கண்ணாடிக் கூடு தொலைந்தது. பஸ்ஸிலாக இருக்கும்.

ஆஸ்பத்திரி. போகும் வழியெல்லாம் மனதுக்குள் ஒரே வாக்கியம். டாக்டர் கையெழுத்துத் தாளை நீட்டினார். செந்தில் பேனாவை எடுத்தான். நான் சொன்னேன்: ‘ஷி வுட் ராதர் கோ ஹோம். வி வில் சர்ட்டன்லி நாட் சைன்.’

வீட்டுக்குப் போகத்தான் அவளுக்கு விருப்பம், கையெழுத்து நிச்சயமாகப் போட மாட்டோம். முதல் தடவை இங்கிலீஷை வாய்விட்டுப் பேசியது இதற்காக.

டாக்டர் தாளை மெதுவாகக் கீழே வைத்தார். ‘யூ குட் பெர்ஹாப்ஸ் திங்க் இட் ஓவர், சார்.’ நல்ல மனிதர்தான். யோசித்தாகிவிட்டது, யோசிக்க வேண்டியவள் யோசித்துவிட்டாள் என்று தமிழில் சொன்னேன். அவளைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். அவளும் சொன்னாள். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வராண்டாவில் செந்தில்:

“ஏனுங்கப்பா, புரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தீங்களா?”

“நீ பேசிக்கிட்டேதான இருந்த.”

“அம்மா பயந்துக்குவாங்கன்னுதானுங்க.”

“மாமனுக்குச் சொன்ன. அவளுக்குச் சொன்னியா?”

அழுதான். தோளில் கை வைக்கவில்லை. வைத்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றவில்லை.

ஐப்பசி 15, சனி

சேந்தமங்கலம். காரில் அவளைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். மலை மேல் மேகம். சுவரெல்லாம் மழை ஈரம், திட்டுத் திட்டாகக் கறுப்பு. கட்டிலிலிருந்து அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செய்ய வேண்டியவை:

செந்தில்: லீவு போட வேண்டும். அதற்கு முன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரிடம் சொன்னதையெல்லாம் அவளிடம் தமிழில் தானே சொல்ல வேண்டும். அதுவரை என்னோடு பேச வேண்டாம்.

உள்ளூர் நர்ஸம்மா: காலை, மாலை வந்து பார்க்க வேண்டும். மாத்திரை தீரும் முன் எனக்குச் சொல்ல வேண்டும்.

மச்சான்: மஞ்சள் சேலையைக் கடையில் கொடுத்து அரக்குக் கலர் மாற்றி வர வேண்டும். தீபாவளிக்கு அதைக் கட்டிக்கொண்டு அவள் உட்காருவதை அவர் பார்க்க வேண்டும்.

வருகிறவர்கள் எல்லாரும்: கட்டில் பக்கம் இங்கிலீஷ் பேசக் கூடாது. வாசலில் நின்று குசுகுசுக்கவும் கூடாது.

நான்: பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளையை இந்த வாரமே அடிக்க வேண்டும். அவள் கட்டிலுக்கு எதிர்ச் சுவர் முதலில்.