மைதானச் சுவரில் உன் படம்

அன்புள்ள மருமகனுக்கு,

உலகத்தில் ஒருவரும் நம்பாத கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

நீ நம் கிளப்பை விட்டு எதிர் கிளப்புக்குப் போன மறுநாளே, மைதானச் சுவரில் நான் வரைந்த உன் படத்தை அழிக்கச் சொன்னார் செயலாளர். ஏழு முறை வெள்ளையடித்தேன். ஏழு முறையும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய். சுண்ணாம்புக்காக ஒரு மலையையே கரைத்தோம்.

டிக்கெட் கொடுப்பவர் வந்தார். "துரோகிப் பய! மூஞ்சியே தெரியக்கூடாது பெயிண்டரே, நல்லா அடிங்க" என்றார். அடுத்த மூச்சிலேயே, "நேத்து அங்க ரெண்டு கோல் போட்டானாமே?" என்று கேட்டு அழுதார். அவர் கண்ணீரில் என் ஏணி மிதந்தது.

எனக்கும் கோபம்தான், மாப்ளே. என் சைக்கிளில் உட்கார்ந்து பயிற்சிக்குப் போனவன், கிளப் மாறும் செய்தியை நான் பேப்பரிலா படிக்க வேண்டும்? கத்திக் கத்தி எனக்கும் அலுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எதிரணியில் ஆட இங்கே வருகிறாய். எல்லோரும் கூச்சல் போடுவார்கள், நானும் போடுவேன். ஆட்டம் முடிந்ததும் மூன்றாம் கேட் பக்கம் வா.

ஏழு முறை, மலை, கண்ணீர் எல்லாம் புளுகு. ஒரே முறைதான் அடித்தேன். தலையிலிருந்து அடித்துக்கொண்டே வந்தவன், நீ கோல் போடும் இடது காலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "சுண்ணாம்பு தீர்ந்துபோச்சு சார்" என்றேன் செயலாளரிடம். வாளியில் பாதி இருந்தது. அந்தக் கால் இன்னும் மூன்றாம் கேட் பக்கச் சுவரில் இருக்கிறது. அது மட்டும் நிஜம்.

உன் மாமா