சரியாக அலசாத கண்ணாடி

மார்ச் 3
என் ஆராய்ச்சி, நுண்மணிகள் கலந்த தண்ணீர்த் துளி காய்வதைப் படம்பிடிப்பது. சாதாரணமாக ஓரத்தில் வளையம் விழும், மேசையில் சிந்திய டீ காய்வதுபோல. எங்கள் துளிகளில் வளையமே இல்லை. மணிகள் சீராகப் பரவியிருக்கின்றன. எல்லாம் தான் செய்த புது மணிகளின் மகிமை என்று என் கைடு சார் பேப்பர் எழுதச் சொல்லியிருக்கிறார்.

துளி வைக்கும் கண்ணாடித் தகடுகளைக் கழுவும் அக்காவை இன்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தகட்டில் சோப்பு வழுக்கியதாம். குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது என்று அக்கா எத்தனை முறை சொன்னார்! யார் காதில் விழுந்தது?

"இவரு வீட்டுக் குழாய்ல இப்படி வந்தா சும்மா இருப்பாரா, பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பையோடு போனார்.

மார்ச் 11
பக்கத்துத் துறையிலிருந்து ஓர் ஆளைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். குழாயும் சரியாகிவிட்டது – இப்போது! தகடு பளபளக்கிறது. துளியெல்லாம் வளையம்.

"உன் கை சரியில்லம்மா" என்கிறார் சார்.

மார்ச் 12
வளையம்.

மார்ச் 14
சோப்பு!

துளிக்குள் இம்மியளவு கலந்து பார்த்தேன். வளையம் போய்விட்டது. துளியின் ஓரம் சீக்கிரம் காய்வதால் உள்ளே இருக்கும் நீர் மணிகளை இழுத்துக்கொண்டு அங்கே ஓடுகிறது. சோப்பும் ஓரத்தில் போய்ச் சேர்ந்து, அங்கே பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. மேல்நீர் நடுவை நோக்கித் திரும்புகிறது, மணிகளோடு. புது மணியாவது, மகிமையாவது!

மார்ச் 15
சாரிடம் சொன்னேன். முகம் வெளிறி, பிறகு மலர்ந்தது.

"இது இன்னும் பெரிய பேப்பர்மா!"

"அக்கா?"

"அது வேற விஷயம். அந்தம்மா ஒழுங்கா அலசல."

"அவங்க திரும்பி வராம ஒரு வரி எழுதமாட்டேன். படமும் தரமாட்டேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா சார்."

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. என் பட்டத்துக்கு அவர்தானே கையெழுத்துப் போடவேண்டும்? அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 22
சார் என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 29
"அந்தம்மாவ வரச் சொல்லு." அவ்வளவுதான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 4
பேப்பர் இதழுக்குப் போய்விட்டது. எழுதியவர்கள் வரிசையில் முதலில் இருந்த என் பெயர் மூன்றாவதாகியிருக்கிறது. போகட்டும் என்று எழுதலாம், பொய். வயிறு எரிகிறது.

அக்கா வேலைக்கு வந்துவிட்டார். மதியம் நான் துளிக் கலவையில் சோப்பை அளந்து விடும்போது தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அடிப்பாவி! நான் விட்டா குத்தம், நீ விட்டா ஆராய்ச்சியா?"