ஆமென் சொல்லாமல் போல்ட்டைத் தொடாதே

அன்புள்ள மகன் ரெய்யோவுக்கு,

கர்த்தர் கிருபையால் அந்த மரவெட்டு முகாமில் நீ கைகால் சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பளிக் காலுறையோடு நான் கட்டி அனுப்பிய ராணுவத் தோட்டாக்களில் ஒன்றைக்கூட உன் துப்பாக்கியில் போடாதே. முகாம் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறேன், நீ காட்டிலிருந்து இறங்கியதும் சொல்லிவிடுகிறேன் என்றார் அங்கே இருந்தவர். சொல்லியிருப்பார். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா, அம்மாவுக்கு எப்போதும் பயம் என்று சிரித்துவிட்டு, கடமான் வேட்டைப் பரீட்சைக்குப் பழக வேண்டுமே என்று மறுநாளே எடுத்துப் போட்டுவிடுவாய். அதனால்தான் என்ன நடந்தது என்று எழுதுகிறேன், எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆர்வி சித்தப்பா வலது கண்ணில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உள்ளங்கையிலும் தையல். பார்வை திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நான் ஏலத்தில் எடுத்த அதே தோட்டாதான் ரெய்யோ, உனக்குப் பாதி, வீட்டுக்குப் பாதி என்று பிரித்தேனே, அது. ராணுவம் கழித்துப் போட்டதுதானே, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அளவு ஒன்றுதானே என்று மலிவுக்கு ஆசைப்பட்டு வாங்கினேன். டப்பாவின் ஈயப்பற்று விட்டுப்போய் உள்ளே ஈரம் இறங்கியிருந்தது, பித்தளையெல்லாம் பச்சை பூத்திருந்தது. பச்சையோடு பிள்ளைக்குக் கொடுப்பதா என்று உட்கார்ந்து வினிகரும் சாம்பலும் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காபிக் கெண்டியைத் தேய்ப்பது போல ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். "அது என்ன பாத்திரமாடி, தேய்க்கிறதுக்கு?" என்று அப்பா அப்போதே கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. கெட்டது எது என்று காட்டிக்கொடுக்க இருந்த ஒரே அடையாளம் அந்தப் பச்சைதான், அதை என் கையாலேயே துடைத்துவிட்டேன். இப்போது எல்லாம் தங்கம் போல மின்னுகிறது, நல்லதையும் கெட்டதையும் நீ பார்த்தால்கூடத் தெரியாது.

சனிக்கிழமை வேட்டைச் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் சுடுதிடலில் இருந்தோம். ஆர்வி என் டப்பாவிலிருந்துதான் எடுத்துப் போட்டார். விசையை இழுத்ததும் டிக் என்று மட்டும் கேட்டது, வெடிக்கவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். டிக் என்றால் குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, கர்த்தரின் ஜெபத்தை நிதானமாக முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டைத் திறக்க வேண்டும். பழைய வெடிமருந்து சில சமயம் உள்ளே புகைந்துகொண்டே இருந்து தாமதமாக வெடிக்கும். பாவம், அந்த மனுஷன் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், உதடு அசைந்தது. எனக்கென்ன கேடு காலமோ, "என்ன ஆர்வி, சர்ச்சு நாளைக்குத்தானே, இன்னிக்கே ஜெபமா? நீ ஆமென் சொல்றதுக்குள்ள கடமான் எல்லை தாண்டி ரஷ்யாவுக்கே போயிடும்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போல்ட்டைத் திறந்தார். பாதி திறந்தபோது அது வெடித்தது.

நுணல் தன் வாயால் தான்தான் கெடும், என் வாயால் கெட்டது ஆர்வி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட முகத்தோடு, "விடுங்க அண்ணி, நான்தான் அவசரக்குடுக்கை" என்கிறார். போலீசிடமும் தானே அவசரப்பட்டதாகத்தான் சொல்லியிருக்கிறார், நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி. கெர்த்து சித்தி மட்டும் ஆஸ்பத்திரி நடையில் என்னைப் பார்க்காமல், "நீங்க சும்மா இருந்திருக்கலாம்ல அக்கா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர்கள் வீட்டு உருளைக்கிழங்கை நானும் அப்பாவும் தோண்டிக் கொடுக்கிறோம், பசுவுக்கும் நான்தான் பால் கறக்கிறேன். அதெல்லாம் செய்தால் கண் வந்துவிடுமா?

கேள், அந்தத் தோட்டாக்களை அடுப்பில் போடாதே, ஏரியில் எறியாதே, சிநேகிதர்களுக்குக் கொடுத்துவிடாதே, போலீஸ் நிலையத்தில் ஒப்படை. ஏற்கனவே சிலதைச் சுட்டிருந்தால் குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவு. அந்த மருந்தில் உப்பு இருக்கிறது, எண்ணெய்க்குப் போகாது, விட்டால் குழலைத் தின்றுவிடும். அதனால்தானே சௌனா நீராவிக் குளியல் அன்று கொப்பரை கொதித்ததும் முதல் செம்பு துப்பாக்கிக்கு, அப்புறம்தான் மனிதர் குளியல் என்று வைத்திருக்கிறோம். நன்றாக உலர்ந்த பிறகு எண்ணெய் போடு. சத்தம் குறைவாகப் புஸ் என்று வந்தால் அடுத்ததைச் சுட்டுவிடாதே, குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கும், தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைப் பார். நாளைக்கு யாராவது ராணுவச் சரக்கு கொடுத்தாலும், டப்பா மூடி முத்திரை உடையாமல் இருந்தால்தான் தொடு, அதுவும் பழகுவதற்கு மட்டும்தான். முழுக்க உலோக உறை போட்ட ராணுவக் குண்டு மிருகத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும், சாகாமல் காட்டில் கிடந்து துடிக்கும், சட்டமும் விடாது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் திடலில் நிற்காதே. ஆர்வி அன்று போடவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு முதுகுவலி தேவலை. ஜாம் கிளறிவிட்டேன், சித்தப்பாவுக்கு ஒரு பாட்டில் போக மீதியை உனக்கு அனுப்புகிறேன். அவருக்கு இரண்டு வரி எழுதிப் போடு, சந்தோஷப்படுவார்.

நேற்று சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொன்னபோது, அன்றாட அப்பத்தைக் கேட்கும் வரிவரைக்கும் வந்தேன், அதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை. ஆர்வி அன்று அதுவரைக்கும்தான் சொல்லியிருந்தாராம். அடுத்த வரி மன்னிப்புக் கேட்பது.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும் கண்ணு, நீ நன்றாக இரு. எந்தத் தோட்டாவானாலும் டிக் என்று கேட்டால் ஆமென் வரைக்கும் சொல். யார் சிரித்தாலும் சொல். உன் அம்மாவே பக்கத்தில் நின்று சிரித்தாலும் சொல்லி முடி.

கூமோவிலிருந்து,
உன் அம்மா ஹில்யா