அப்பா பக்கத்து ரத்தம்

பிப்ரவரி 3

வணக்கம்.

உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்ததுதான் மிச்சம். அதனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நீங்கள் சிறுமியாக இருந்தபோது உங்கள் அப்பா வீட்டை விட்டுப் போனாரே, அவர் போய்ச் சேர்ந்த வீட்டில் பிறந்தவள் நான். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. உங்கள் டிரைவிங் ஸ்கூல் விளம்பரம் பேப்பரில் வந்தபோது அப்பா என்னிடம் நீட்டி, "இவதான் என் மூத்த பொண்ணு" என்றார். முகவரி அப்படித் தெரியும்.

உறவு கொண்டாட எழுதவில்லை. கடையில் எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என்னுடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது இன்னும் சர்க்கரை வியாதி இல்லம்மா. அதுக்கு முந்தின படி. ஆனா நீங்க ஒல்லியா இருக்கீங்க, வயசும் கம்மி. குடும்பத்துல யாருக்கு இருக்கு?"

"அப்பாவுக்கு இருந்துச்சு."

"அவரைப் பெத்தவங்களுக்கு? கூடப் பிறந்தவங்களுக்கு? எந்த வயசுல வந்துச்சு?"

தெரியாது என்றேன். அப்பா பக்கத்துச் சொந்தம் ஒருவர்கூட எங்கள் வாசலை மிதித்ததில்லை. அவர்கள் மடியில் வளர்ந்தவர் நீங்கள்.

என் மாமியார், "உங்கப்பன் ரத்தம்டி, என்ன பண்ணினாலும் வரத்தான் போகுது" என்கிறார். அப்பாவின் காலில் இருந்த புண்ணுக்குக் கடைசிவரை கட்டு மாற்றியவள் நான். அந்த நாற்றம் எனக்குத் தெரியும். அப்படி முடிய நான் சம்மதிக்கவில்லை. கோபமாகவாவது ஒரு பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி

பிப்ரவரி 16

கண்ணாடிக் கடை அம்மணிக்கு,

கோபமாகவாவது எழுதச் சொன்னாய். இந்தா, வாங்கிக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். அம்மா கையைப் பிடித்தாள். "அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? கேட்டதுக்குப் பதில் சொல்லு." அவள் வாய்க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவரைப் பெற்றவளுக்குச் சர்க்கரை இருந்தது. பெரிய அத்தைக்கு அதனால் பார்வையே போயிற்று. சித்தப்பா நாற்பது வயதிலேயே ஊசி போட்டுக்கொண்டார். சின்ன அத்தை மட்டும் இனிப்பை மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, எழுபது தாண்டியும் குத்துக்கல் மாதிரி இருக்கிறாள். உன் டாக்டரிடம் போய்ச் சொல்.

எனக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. நான் என் அம்மாவை உரித்து வைத்தவள். முகம், குரல், பிடிவாதம் எல்லாம் அவள்தான். அந்த மனிதரிடமிருந்து என்னிடம் ஒரு துரும்புகூட இல்லை, இருக்கவும் விடமாட்டேன்.

அடுத்த கடிதம் எழுதும் எண்ணம் இருந்தால் மேடம் என்று ஆரம்பி. அக்கா கிக்கா என்று இழுக்காதே.

என் அம்மாவின் ஒரே மகள்

மார்ச் 9

அக்காவுக்கு,

ஆம், அப்படித்தான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் இந்த முறை அடுப்பில் போட்டுவிடுங்கள். அம்மாவிடம் என் நன்றியைச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

நீங்கள் சொன்னதையெல்லாம் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன். ஒரு அத்தைக்கு வந்து இன்னொரு அத்தைக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்டேன்.

"இது ஒரே ஒரு மரபணு பண்ற வேலை இல்லம்மா. நூத்துக்கணக்குல சின்னச் சின்ன வித்தியாசங்க இருக்கு. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் தள்ளும். ஒரே வயித்துல பிறந்தாலும் ஒருத்தருக்கு நிறைய வந்து சேரும், ஒருத்தருக்குக் கம்மியா வரும்."

உங்களுக்காக இன்னொன்றும் கேட்டேன். "அம்மாவை உரிச்சு வச்ச மாதிரி இருந்தா, அப்பா பக்கத்து வியாதி வராதுல்ல?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூக்கைப் பார்த்துக் கணையத்தைச் சொல்ல முடியுமா? பாதி அம்மா, பாதி அப்பா. எல்லாருக்கும் அதே கணக்குதான்."

என் மாமியார் சொல்வது உண்மையா என்றும் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "வரத்தான் போகுதுன்னு யாரும் எழுதி வைக்கல. நடங்க, நல்லாத் தூங்குங்க, சாப்பாட்டைப் பார்த்துக்குங்க. நிறைய பேருக்குத் தள்ளிப் போகும். சிலருக்கு வராமலே போகும்."

இப்போது பஸ்ஸிலிருந்து முன்னாலேயே இறங்கிக் கடைக்கு நடக்கிறேன். சர்க்கரை போடாத டீ வாயில் வைக்க விளங்கவில்லை, ஆனாலும் குடிக்கிறேன். மாமியார் என் டம்ளரில் ரகசியமாகச் சர்க்கரை போட்டதைப் பிடித்துவிட்டேன். அந்த டீயை அவரையே குடிக்க வைத்தேன்.

அக்கா, அப்பாவைத் திட்டுங்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்து திட்டுங்கள்.

உங்கள் கோபத்துக்குப் பயப்படாத,
சின்னவள்

ஜூன் 2

சின்னவளுக்கு,

நீ சொன்னது தப்பு என்று காட்டத்தான் லேபுக்குப் போனேன். 6.3. உன்னைவிட அதிகம்.

தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொரு லேபில் கொடுத்தேன். அங்கேயும் அதேதான்.

என் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வராதவர், எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியும் எட்டிப் பார்க்காதவர், இதை மட்டும் மறக்காமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் துரத்தியதாக நினைத்த மனுஷன் உள்ளே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அன்று பாடம் எடுக்கும்போது ஒரு பையன் கிளட்சை விட்டுவிட்டான் என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அப்புறம் எனக்கே வெட்கமாகிவிட்டது. மேட்டில் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தால், இந்த மேட்டில் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று நான் பஞ்சாயத்து வைப்பதில்லை. "பிரேக்கை மிதி" என்றுதான் சொல்வேன். அதற்காகவே பிள்ளைகள் எனக்கு 'பிரேக் மேடம்' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள்.

எனவே மிதித்துவிட்டேன். ஸ்கூலுக்கு நடந்துதான் போகிறேன். காரை வைத்துச் சோறு தின்கிறவள் நடந்து வருவதைப் பார்த்து, "என்ன மேடம், வண்டி ரிப்பேரா?" என்று கேட்கிறார்கள். "வண்டி நல்லாத்தான் இருக்கு, டிரைவர்தான் ரிப்பேர்" என்கிறேன்.

ஒன்று கேட்கக்கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தேன். கடைசியில் அவர் எப்படி இருந்தார்?

பிரேக் மேடம்

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்டதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அவருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள், அக்கா. என் வயதில். வியாதி முற்றும்வரை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதன் பிறகு என் அம்மா இனிப்பை மறைத்து வைத்தால், "எங்க வீட்டுல எல்லாருக்கும் வர்றதுதானே, எனக்கு மட்டும் வராமலா போகும்?" என்று தேடி எடுத்துத் தின்பார். அது தைரியம் என்று சின்ன வயதில் நினைத்தேன். கட்டு மாற்றும்போதுதான் தெரிந்தது. நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவ்வளவு பயம் அவருக்கு. முதலில் இரண்டு விரல்கள் போயின. பிறகு பாதம். அந்த வருடமே அவரும் போய்விட்டார். உங்கள் பெயரை மட்டும் என் எதிரில் சொல்லவே மாட்டார். வேறு யாராவது சொன்னால் அழுதுவிடுவார்.

இதைப் படித்து நீங்கள் அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

எனக்குத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். 5.6. எல்லைக்குள் வந்துவிட்டது. டாக்டரம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். மாமியாரிடம் தாளைக் காட்டினேன். "மிஷின்ல ஏதோ கோளாறு" என்றார். மறுநாள் காலை, "நானும் உன்கூட நடந்து வரட்டுமா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்!

உங்களுடையது எப்போது பார்ப்பீர்கள்? இறங்கியிருக்கும் பாருங்கள்.

அன்புடன்,
சின்னவள்

செப்டம்பர் 14

அன்புள்ள சின்னவளே,

இறங்கவில்லை. 6.6. முந்தின படியெல்லாம் தாண்டியாயிற்று. இனி எனக்குச் சர்க்கரை வியாதி என்ற முழுப் பெயரே சொந்தம்.

நான் ஒரு நாள்கூட நடையை விடவில்லை. சோற்றைப் பாதியாக்கினேன். இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போட்டேன். அப்படியும் ஏறிவிட்டது. டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் அசரவில்லை. "நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல மேடம். உங்களுக்கு அப்பா பக்கத்துப் பங்கு கொஞ்சம் கூட வந்திருக்கலாம். வயசும் சேர்ந்துக்கிச்சு. நடக்காம இருந்திருந்தா இன்னும் மேல போயிருக்கும். மாத்திரை போடுங்க, நடையை விடாதீங்க" என்றார்.

சரி, மாத்திரை போடுகிறேன். ஆனால் தலை குனியமாட்டேன். உனக்கு இறங்கியதை நினைத்து நீ என்னிடம் சங்கடப்பட்டால் நேரில் வந்து காதைத் திருகுவேன். நம் இருவரில் ஒருத்தியாவது அதன் மூக்கை உடைத்தாளே! எனக்கு அது போதும். என் மகளையும் இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். இப்போதைக்கு எல்லை தாண்டவில்லை. அவளை இருட்டில் விட எனக்கு மனமில்லை. வருடா வருடம் பார்ப்போம்.

போன வாரம் சித்தப்பா வீட்டார் வந்திருந்தார்கள். "அந்த வீட்டுக்காரியோட கடிதப் போக்குவரத்து வச்ச, வியாதியும் பின்னாடியே வந்துடுச்சு" என்றாள் சித்தி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அந்தப் பொண்ணு எழுதலைன்னா இவளுக்கு வியாதி இருக்கிறதே தெரிஞ்சிருக்காது. என் மக கண்ணைக் காப்பாத்தினவ அவ. இந்த வீட்டுல அவளைப் பத்திப் பேசறதுன்னா எழுந்து நின்னு பேசு." சித்தி டீயைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

வருகிற ஞாயிறு காலை நான் காரை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவும் வருகிறாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "அந்த மனுஷனுக்கு அத்தனை வருஷம் சோறு போட்டவளை ஒரு தடவை பார்க்கணும்" என்கிறாள். பார்த்து என்ன பேசுவாள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. உன் அம்மாவையும் அன்றைக்கு உன் வீட்டுக்கு வரவழைத்து, பயப்படாமல் கதவைத் திறக்கச் சொல். அவர்கள் கட்டிப் பிடித்து அழுதாலும் சரி, தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டாலும் சரி, அது அவர்கள் பாடு. நீ ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நில். நாம் இரண்டு பேரும் நடக்கப் போகிறோம்.

உன்,
அக்கா