இரவல் வாங்கிய நுணுக்குக்காட்டி

அன்புள்ள ஜெகன் சேர்,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. எல்கடுவையில், நம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில், முதன்முதலாக விஞ்ஞானம் படித்த பதினொரு பிள்ளைகளில் ஒன்பது பேர் சித்தியடைந்துவிட்டார்கள். தர்ஷினிக்கு மூன்று பாடத்திலும் ஏ. கேட்கிறதா சேர்? மூன்று ஏ!

பள்ளிக்கூட அதிபர் போனில் சொன்னபோது நான் மாத்தளை பஸ் நிலையத்தில் நின்றேன். அத்தனை சனத்துக்கு நடுவே கத்தியே விட்டேன். பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சிங்களத்தில் முழுக் கதையையும் சொல்லி முடித்த பிறகுதான் பஸ் ஏறினேன்.

சாதாரண தரப் பரீட்சையோடு நம் பெண்பிள்ளைகளின் விஞ்ஞானம் முடிந்துபோன காலம் நினைவிருக்கிறதா? மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டும். காலையில் ஒரே ஒரு பஸ், மழை பெய்தால் அதுவும் இல்லை. தர்ஷினியின் அக்கா அப்படித்தான் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்குக் கார்மென்ட் வேலைக்குப் போனாள். ஆய்வுகூடம் இல்லாமல் விஞ்ஞானப் பிரிவு தர முடியாது என்று நமக்குச் சொல்லிவிட்டார்கள்.

மலையகப் பள்ளிக்கூடங்களுக்கு இந்தியா ஆய்வுகூடம் கட்டித் தருகிறது என்று கேள்விப்பட்டதும் நீங்கள்தான் விண்ணப்பம் எழுதினீர்கள். பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்ற தகவல் வந்தபோது நீங்கள் லீவில் யாழ்ப்பாணம் போயிருந்தீர்கள். பிறகு நாங்கள் அடித்த கூத்தை என்னவென்று சொல்ல! பெரிய ஆட்கள் வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு, ஜன்னலுக்குத் திரை, அடுத்த பள்ளிக்கூடத்தில் இரவல் சாமான். அதுதானே நம் வழக்கம்?

"வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க டீச்சர், வெறும் ரூமைக் காட்டினா நம்ம மானம் போயிரும்" என்றார் அதிபர். நானும் தலையை ஆட்டினேன். டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் நுணுக்குக்காட்டி, தராசு, கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் இரவல் வாங்கி, த்ரீவீலரில் மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன். மேசையில் அடுக்கி முடித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி அம்மா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்களே! ஒண்ணுமே இல்லாத ஸ்கூலுக்குத்தான் நாங்க முதல்ல கொடுக்கணும்" என்று ஃபைலை மூடினார். உண்மையைச் சொன்னால் நான் பொய்க்காரி, சொல்லாவிட்டால் ஆய்வுகூடம் போச்சு.

அப்போதுதான் யாழ்ப்பாண பஸ்ஸில் கசங்கிய சட்டையோடு நீங்கள் உள்ளே வந்தீர்கள். மேசையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "இது ஒண்டும் எங்கட இல்லை அம்மா, முழுக்க இரவல். எங்கட பிள்ளையள் இதைத் தொட்டும் பாக்கேல்லை" என்றீர்கள். எட்டாம் வகுப்புத் தர்ஷினியைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னீர்கள். எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாமல் அவள் விழித்தாள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "எங்க ஊர்லயும் இன்ஸ்பெக்‌ஷன்னா இப்படித்தாங்க, பக்கத்து ஸ்கூல் பெஞ்செல்லாம் வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே ஃபைலைத் திரும்பத் திறந்தார்.

ஒரு வாரம் நான் உங்களோடு பேசவில்லை. "தங்கச்சி, இல்லாததை இல்லை எண்டு சொல்ல என்ன வெக்கம்?" என்று கேட்டீர்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, சேர்.

கட்டடம் எழும்பத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் வந்து நமக்குப் பயிற்சி தந்தார்கள். தேயிலை மலை மண்ணை வைத்து நீங்கள் செய்யும் சோதனையை அவர்கள் உங்களிடம் கற்றுக்கொண்டு போனார்கள். கூரை போட்ட வாரம் உங்களுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாகக் கேட்டது, "கரண்ட் வந்திட்டுதோ?" நாளைக்கு வரும் என்றேன். அந்த நாளைக்கு நீங்கள் இருக்கவில்லை. ஏன் சேர் அவ்வளவு அவசரம்?

கரண்ட் வந்தது சேர். எல்லாம் வந்தது.

இன்று தர்ஷினியின் அம்மா கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து ஓடி வந்தார். "டீச்சர், எங்க புள்ள டவுனுக்குப் போகாமலே பாஸாயிருச்சு! இதைப் பார்க்க ஜெகன் சேர் இல்லாமப் போயிட்டாரே!" என்று அழுதுகொண்டே சிரித்தார். பிள்ளைகள் பட்டாசு கொளுத்தினார்கள். அதிபர் ஆடினார், சத்தியமாக!

இன்னொரு செய்தி. போன வாரம் யட்டவத்தைப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அடுத்து அவர்களுடைய பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். தயங்கித் தயங்கி, "ஒரு நாளைக்கு மட்டும் உங்க நுணுக்குக்காட்டியைத் தருவீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

"அவங்க வர்ற நாளைக்கு மட்டும் தர மாட்டேன். மத்த நாள்ல பிள்ளைகளையே கூட்டிட்டு வாங்க" என்றேன்.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆய்வுகூடம் கிடைக்கும்வரை சனிக்கிழமைதோறும் நம் கதவைத் திறந்து வைப்பேன். ஆட்கள் வரும் நாளில் நானே யட்டவத்தைக்குப் போய், அவர்களுடைய வெறும் அறையில் அந்த டீச்சருக்குப் பக்கத்தில் நின்று, "இங்கே ஒன்றுமே இல்லை" என்று தலைநிமிர்ந்து சொல்வேன்.

ஒரு வாரம் கோபித்துக்கொண்ட உங்கள் தங்கச்சி,
ரிஸ்வானா