பேர் சொல்லாத கோடாலி

அக்டோபர் 9

நாளைக்குக் காலையில் ஹெலிகாப்டர். பத்து நாள் காட்டில் இருப்போம். என் மனைவி அக்னியா மீன் அப்பம் சுட்டுக் கட்டிவைத்துவிட்டாள். என்னோடு வரப்போகும் அவள் தம்பி யெஃபிம் இருமிக்கொண்டே வந்தான். என்ன மச்சான், கரடியை இருமியே விரட்டப் போறியான்னு கேட்டேன். முறைத்தான்.

அக்டோபர் 10

குடிசையில் அடுப்பை மூட்டிவிட்டு எழுதுறேன்.

விமானத்தளத்தில் இந்த வருஷம் புதுச் சட்டம். கோடாலி, ரம்பம், இடுப்புக் கத்தி எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி ஓட்டுநர் பக்கம் கொடுத்துவிட வேண்டும், இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். எடை போடும் ரிம்மா, உள்ளே என்ன இருக்கு என்று கேட்டாள். நாங்கள் இரண்டு கிழவர்களும் ஊமை மாதிரி நின்றோம். வீட்டு வாசல்படி தாண்டினால், காட்டுக் குடிசையில் முதல் தீ எரியும்வரை இரும்புச் சாமான் பேரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அதே இரும்பு நம் ரத்தத்தைப் பார்க்கும். அவளே பிரித்துப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

சதுப்பில் இறங்கினோம். மேலே காத்தாடி நிற்கவேயில்லை, ஒரே பனிப்புழுதி. மூட்டைகளைத் தள்ளிவிட்டார்கள், குதித்தோம், போய்விட்டது.

கட்டு வரவில்லை.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அது கிடந்ததை நான் பார்த்தேன். இறங்கும்போதுகூடப் பார்த்தேன். கேட்க வாய் வரலை. பாதிரியார் தாடியையே கிண்டல் பண்ற வாய் இது.

அக்டோபர் 11

குடிசையில் கிடந்த பழைய கோடாலியைப் புதுக் காம்பு போடுவதற்காக வசந்தத்திலேயே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டோம். போன் எடுக்காது. ஆறு பாதி உறைந்து கிடக்கிறது, நடக்கவும் முடியாது, படகும் போகாது. முன்னால் வந்தவர்கள் வெட்டிவைத்த விறகு இரண்டு நாளைக்கு வரும். வெளியே மைனஸ் பதினெட்டு டிகிரி உறைகுளிர். சுற்றிலும் காய்ந்த மரம், வெட்டத்தான் கையில் ஒன்றுமில்லை. சுள்ளியை மிதித்து ஒடிக்கிறேன். ரொட்டியைப் பிய்த்துத் தின்கிறோம்.

யெஃபிமுக்கு உடம்பு கொதிக்குது.

அக்டோபர் 13

கிண்டல் பண்ணினால் பதிலுக்குத் திட்டமாட்டேன் என்கிறான். அதுதான் பயமாயிருக்கு.

அக்டோபர் 14

விறகு தீர்ந்தது. விழுந்து கிடந்த மரம் ஒன்றை முழுசாக இழுத்துவந்தேன். நுனி அடுப்புக்குள், அடி கதவுக்கு வெளியே. எரிய எரிய உள்ளே தள்ளுகிறேன். கதவு மூடாது. நெஞ்சுப் பக்கம் சூடு, முதுகுப் பக்கம் பனி. யெஃபிம் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"யாரு மச்சான், விருந்தாளியா? கதவைச் சாத்தச் சொல்லு."

சிரிச்சேன். அப்புறம் வெளியே போய் அழுதேன். எழுபத்தோரு வயசுக் கிழவன்.

அக்டோபர் 16

மூச்சு கரகரன்னு இழுக்குது. ரெண்டு நிமிஷம் சத்தம் வரலைன்னா எழுந்துபோய் மூக்கில் கை வைக்கிறேன். ஹெலிகாப்டர் இருபதாம் தேதிதான். நாலு நாள். தாங்குவானா? ஒரு வார்த்தை — "அந்தக் கட்டைக் கொடுப்பா"ன்னு பேர் சொல்லாமலேகூடக் கேட்டிருக்கலாமே. அது ஏன் அப்போ தோணலை? அக்னியா முகத்தில் எப்படி முழிப்பேன்?

அக்டோபர் 17

மதியம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. கட்டைப் பார்த்ததுமே திரும்பக் கிளம்பினார்களாம், பனிமூட்டம் ஆறு நாள் தரையிலேயே வைத்துவிட்டதாம். ஓட்டுநர் கட்டை நீட்டி, மன்னிச்சுக்கங்க பெரியவரேன்னான். அதை நான் கையால் தொடவில்லை. யெஃபிமைப் பிடிங்கன்னேன்.

அக்டோபர் 25

ஆஸ்பத்திரி. நுரையீரலில் ஒரு பக்கம் இன்னும் தெளியவில்லை, ஆனால் பிழைத்துக்கொண்டான் என்கிறாள் டாக்டரம்மா. அக்னியா வெளியே போன நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன். மச்சான், அந்தக் கட்டை நான் பார்த்தேன், பார்த்துட்டும் கேட்கலைன்னு.

கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"நானும்தான் பார்த்தேன். நீதான் வாயாடியாச்சே, எப்படியும் கேட்டுடுவேன்னு இருந்துட்டேன்."

சூப்புக் கிண்ணத்தை எடுத்தேன். நேற்றைவிட மூன்று கரண்டி கூடக் குடித்தான்.